தோள் எலும்பில் ஓர் ஒட்டுண்ணி

(மருத்துவ மாணவர்களும் கால்நடை, உள்ளாட்சித் துறை அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



ஆடு வளர்க்கும் ஒருவர் தோள்வலியுடன் வருகிறார் என வைத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லை, வீக்கமும் சிறிதே. ஒரு நாள் சிறு சுமையைத் தூக்குகையில் மேற்கை எலும்பு முறிந்துவிடுகிறது. எக்ஸ்-ரே படத்தில் எலும்பு தேன்கூடு போல் அரிக்கப்பட்டிருக்கிறது. காசநோய் எனக் கருதுவோர் உண்டு. புற்று என அஞ்சுவோரும் உண்டு. அது ஹைடேடிட் எனப்படும் நீர்க்கட்டி நோயாகவும் இருக்கலாம்.

எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்னும் சிறு நாடாப்புழு நாயின் குடலில் வாழ்வது. நாயின் மலத்துடன் வெளிவரும் முட்டைகளை மேய்ச்சலில் ஆடு விழுங்குகிறது. கழுவாத கையாலும் காய்கறியாலும் மனிதரும் விழுங்குகின்றனர். பெரும்பாலும் கல்லீரலிலும் நுரையீரலிலுமே கட்டி தோன்றும். எலும்பைத் தாக்குவது நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. அவர்களுள்ளும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதுகெலும்பிலேயே நோய் காணும். தோளில் காண்பது மிக அரிது. அரிது என்பதாலேயே அது நம் நினைவுக்கு வருவதில்லை.

கல்லீரலில் கட்டியைச் சுற்றி உடல் ஓர் உறையை அமைக்கிறது. எலும்பில் அவ்வாறு உறை அமைவதில்லை. ஆகவே சிறுசிறு கட்டிகள் எலும்பின் உள்வலைப்பின்னல் வழியே, தடையின்றி, பல ஆண்டுகள் பரவுகின்றன. இரத்தப் பரிசோதனையில் நோய் தென்படாமற் போவதும் உண்டு. எனவே நோயாளியின் தொழிலையும், வீட்டில் நாய் உண்டா என்பதையும் கேட்டறிவது இன்றியமையாதது. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் நோயின் எல்லையைக் காட்டும்.

ஐயமின்றி ஊசியால் குத்தினாலோ, அறுத்துத் திறந்தாலோ கட்டியின் நீர் சிந்தி, நோய் அண்டைத் தசைகளில் பரவும். கடும் ஒவ்வாமை அதிர்ச்சி உயிருக்கே உலை வைக்கலாம். அறுவைக்கு முன்னும் பின்னும் அல்பெண்டசோல் மருந்து அளிக்க வேண்டும். அறுவையின்போது சுற்றியுள்ள தசைகளை அடர் உப்புக்கரைசலில் நனைத்த துணிகளால் மூடிக் காக்க வேண்டும். இயலுமிடத்து, நோயுற்ற எலும்பை நலமான ஓரத்துடன் சேர்த்து அகற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்தலாம். சுரண்டி எடுப்பது மட்டும் போதாது. எஞ்சிய சிறு கட்டியும் மீண்டும் வளரும். ஆகவே பல ஆண்டுகள் கண்காணிப்பு தேவை.

அலுவலர்களுக்கு ஒரு சொல். அறுவைக்கூடத்தில் இத்துணைப் பாடுபட்டு நாம் அகற்றும் நோய், ஆடறுக்கும் இடத்தில் எறியப்படும் ஈரலிலிருந்து நாய்க்குச் செல்கிறது. அக்கழிவை ஆழப் புதைப்பதும், நாய்களுக்குப் பிராசிகுவாண்டல் மருந்து முறையாக அளிப்பதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. ஒரு காலத்தில் இந்நோயால் மிகவும் வருந்திய ஐஸ்லாந்து, 1860களில் மக்களுக்கு அறிவூட்டத் தொடங்கி, பின்னர் இதனை அறவே ஒழித்தது.

மாணவர்களே, படத்தைப் பார்க்கையில் இந்நோயையும் எண்ணுங்கள். அலுவலர்களே, அப்படம் எடுக்கும் தேவையே எழாதிருக்க வழி செய்யுங்கள்.