கப்பல் போகும் முன் எழுதி வைப்போம்



வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் தோட்டத்தில் இருந்து நேராக வந்திருக்கிறீர்கள். எனக்கும் பெரிதாகப் பேசத் தெரியாது. அதனால் எங்கள் வீட்டுக் குக்கரைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். அந்தக் குக்கர் எனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது.

அப்போது நான் எட்டாம் வகுப்பு படித்தேன். ஒரு நாள் குக்கரில் விசில் வரவில்லை. மூடியின் ஓரமாக ஆவி கசிந்தது. என்ன காரணம்? மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் அறுந்துவிட்டது. அதைக் கேஸ்கட் என்று சொல்வார்கள். பாத்திரம் நன்றாக இருந்தது. மூடியும் நன்றாக இருந்தது. ரப்பர் மட்டும்தான் போய்விட்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டோம்.

இங்கே கடையில் அந்த அளவு ரப்பர் கிடைக்கவில்லை. அப்பா ஒரு வேலையாகக் கப்பலில் போர்ட் பிளேர் போனார். 2024-இல் அந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். அப்பா போனது அதற்கு முன்னால். அங்கே கடைக்காரர் கேட்டார்:

"எந்தக் கம்பெனி குக்கர்? எத்தனை லிட்டர்?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. கையை விரித்து, "இவ்வளவு பெரிது இருக்கும்" என்று காட்டினார். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தோம். வளையம் பெரிதாக இருந்தது. மூடியில் உட்காரவே இல்லை.

"சரி, அடுத்த முறை மாற்றிக் கொள்ளலாம்" என்றார் அம்மா. அந்த அடுத்த முறை வரவே இல்லை. குக்கர் வீட்டுக்குப் பின்னால் போனது. மழைத் தண்ணீர் அதில் தேங்கியது. கொசுப்புழு நெளிந்தது. கடைசியில் அம்மா புதுக் குக்கர் வாங்கினார். அந்தப் பணம் என் தங்கையின் பள்ளி உடுப்புக்காகச் சேர்த்த பணம். தங்கை அந்த வருடம் பழைய பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட்டுப் போட்டுக் கொண்டாள்.

பிறகு ஒரு நாள் பழைய குக்கரைப் புரட்டிப் பார்த்தேன். அடியிலே கம்பெனி பெயர் இருந்தது. 5 லிட்டர் என்றும் பொறித்திருந்தது. அம்மாவுக்கு அப்போது படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அப்பா கப்பல் ஏறும் முன் நான் அதைப் பார்க்கவில்லை. ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

நண்பர்களே! நம் கேம்பல் பே ஒரு தீவில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசாங்கம் இங்கே குடியேற்றியது. பஞ்சாப், மகாராஷ்டிரா, கேரளா, தமிழ்நாடு என்று பல மாநிலங்களில் இருந்து வந்தார்கள். அன்று முதல் இன்று வரை நமக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பாலானவை கப்பலில்தான் வருகின்றன. ஸ்ரீ விஜயபுரம் 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கடல் சரியில்லை என்றால் காத்திருக்க வேண்டும்.

சாமான் கப்பலில் வருகிறது. உடைந்த பிறகு கப்பலில் திரும்பிப் போகிறதா? பெரும்பாலும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. ஓடையில் விழுகிறது. மழை அதைக் கடலுக்கு இழுத்துப் போகிறது. கலாத்தியா கடற்கரைக்கு முட்டையிட வரும் தோல்முதுகு ஆமைகளுக்கும் அந்தக் குப்பை கெடுதல்.

மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து நாடுகளின் பிளாஸ்டிக் பாட்டில்கள் நம் கடற்கரைகளில் ஒதுங்குகின்றன. ஆய்வாளர்கள் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கடல் கொண்டு வரும் குப்பையை நம்மால் தடுக்க முடியாது. நம் வீட்டுக் குப்பையைக் குறைக்க முடியும்.

எப்படி? பழுது பார்த்தால் குறையும். பழுது பார்க்க என்ன வேண்டும்? பல நேரம் ஒரு சின்னச் சாமான் போதும். குழாய்க்கு ஒரு வாஷர். மிக்சிக்கு ஒரு கப்ளர். சைக்கிளுக்கு ஒரு டியூப். அந்தச் சின்னச் சாமான் சரியான அளவில் வர வேண்டும். அதற்குத்தான் எழுத்து வேண்டும்.

ஆகவே வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். பழுது நோட்டு என்று பெயர் எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

பொருள்: குக்கர்
கம்பெனி: அடியில் உள்ள பெயர்
அளவு: 5 லிட்டர்
மூடி: உள்ளே போகும் மூடியா, வெளியே மூடும் மூடியா
வேண்டியது: ரப்பர் வளையம்

சைக்கிள் டயரின் பக்கவாட்டில் அளவு இருக்கும். மிக்சியின் அடியில் ஒட்டிய தாளில் பெயரும் எண்ணும் இருக்கும். அவை ஆங்கில எழுத்தில் இருக்கலாம். பயப்பட வேண்டாம். பார்த்து அப்படியே எழுதிக் கொள்ளுங்கள். எண்கள் நமக்குத் தெரிந்தவைதானே? உடைந்த சாமானையும் எறியாதீர்கள். சீட்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள். கடைக்காரர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

சில வேலைகளுக்குக் கப்பலே வேண்டாம். டார்ச் எரியவில்லையா? நம் ஊர் உப்புக் காற்றில் உள்ளே பச்சை படிந்திருக்கும். உப்புத்தாளால் தேயுங்கள். பல நேரம் எரியும். பயன்படுத்தாத நாளில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். குடைக் கம்பி உடைந்தால் கட்டித் தைக்கலாம். கம்பி முழுதும் போனால் குடைத் துணியில் பை தைக்கலாம். மழையில் நனையாது. வாளி விரிசல் விட்டால் அடியில் ஓட்டை போட்டுக் கறிவேப்பிலை நடலாம். ஓட்டை முக்கியம். தண்ணீர் தேங்கினால் கொசு வரும்.

நம் பாட்டிமார் கொட்டாங்கச்சியில் அகப்பை செய்தார்கள். நிக்கோபார் மக்கள் தேங்காய் ஓட்டையே தண்ணீர்ப் பாத்திரமாக வைத்திருந்தார்கள். இது நமக்குப் புதிய பழக்கம் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

பூச்சி மருந்து டப்பாவைக் கழுவினாலும் அதில் அரிசி, எண்ணெய், தண்ணீர் வைக்காதீர்கள். குளிர்பான பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குளிர்பானம் என்று நினைத்துக் குடித்துவிடும். உயிருக்கே ஆபத்து. குக்கர் மூடியில் ஒரு சிறிய பாதுகாப்பு வால்வு இருக்கிறது. ஆவி அளவு மீறினால் அதுதான் வழிவிடும். அது போனால் சோப்போ, பசையோ வைத்து அடைக்காதீர்கள். குக்கர் வெடிக்கும். அதே கம்பெனி வால்வைத்தான் போட வேண்டும். பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள். அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல்.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். எங்கள் அம்மா இப்போது படிக்கக் கற்றுக் கொண்டார். போன மாதம் மிக்சி ஓடியது. ஆனால் ஜாரில் பிளேடு சுற்றவில்லை. அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்துவிட்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக் கொண்டார். மிக்சியைப் புரட்டினார். பெயரையும் எண்ணையும் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினார். அரை மணி நேரம் ஆனது. நான் உதவிக்குப் போனேன்.

"நீ சும்மா இரு. நானே எழுதுகிறேன்" என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணன் கப்பலில் போனார். சீட்டையும் பழைய கப்ளரையும் கொண்டு போனார். சரியான கப்ளர் வந்தது. மிக்சி ஓடுகிறது. அம்மா அந்தச் சீட்டை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். அடுத்த முறைக்கும் ஆகும் அல்லவா?

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பொருளைப் புரட்டிப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நோட்டில் எழுதுங்கள். நாளை வகுப்புக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம். அடுத்த கப்பலில் யார் போகிறார்கள் என்று கேட்போம்.