நடுக்குவாதத்திற்கு மாத்திரையா, மருந்துப் பட்டையா?

(விழாவில் ஆற்றிய மருத்துவ உரையின் எழுத்து வடிவம்)

 

1817ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் லண்டன் மருத்துவர் ஒரு சிறு நூலில் விவரித்த நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. தமிழில் அதனை நடுக்குவாதம் என்கிறோம். நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் கை நடுங்குகிறது, தசை இறுகுகிறது, நடை தளர்கிறது. அழிந்த உயிரணுக்களை மீட்கும் மருந்து இல்லை; டோபமின் குறைவை ஈடுசெய்யும் மருந்துகள் உண்டு. "தந்தையார் வேளைதோறும் மாத்திரை விழுங்கித் துன்புறுகிறார், தோலில் ஒட்டும் பட்டை போதாதா?" எனக் குடும்பத்தார் கேட்பது இயல்பே.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். இரண்டிலும் இருப்பது ஒரே மருந்தன்று. மாத்திரையில் பெரும்பாலும் லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்திருக்கும். லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமினாக மாறுகிறது. வழியிலேயே மாறி வீணாகாதபடி கார்பிடோபா காக்கிறது. இயக்கக் குறைகளைத் தணிப்பதில் இதனை விஞ்சிய மாத்திரை இன்றளவும் இல்லை. பட்டையில் இருப்பதோ ரோட்டிகோட்டின். அது டோபமினாக மாறுவதில்லை. டோபமின் செய்யும் தூண்டுதலைத் தானே செய்கிறது. அதன் ஆற்றல் லெவோடோபாவினும் குறைவு.

மாத்திரையின் குறை நேரத்தில் உள்ளது. இரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோய் முதிர முதிர, அடுத்த வேளை வருமுன்பே உடல் மீண்டும் இறுகத் தொடங்கும். மேலும், அது சிறுகுடலில் உறிஞ்சப்படும்போது பருப்பு, பால், தயிர் முதலியவற்றின் புரதம் அதனோடு போட்டியிடும். ஆகவேதான் உணவுக்கு அரைமணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ உட்கொள்ளுமாறு பலருக்கும் அறிவுறுத்தப்படுகிறது.

பட்டை வயிற்றைச் சாராது. ஒருமுறை ஒட்டினால் 24 மணி நேரம் மருந்து சீராக உடலிற் சேரும். விடியற்காலை இறுக்கத்தால் எழ இயலாதவர், இரவில் புரண்டு படுக்க இயலாதவர், விழுங்க இயலாதவர் ஆகியோருக்கு இது பெருந்துணை. பொழுது சாய்ந்தபின் எதுவும் உட்கொள்ளாத நியமமுடைய முதியோர், அந்நியமத்தை மருத்துவரிடம் மறையாது கூறினால், அவர் மருந்து வேளைகளை அதற்கேற்ப வகுக்க இயலும்; பட்டை பொருந்துமா என்றும் ஆராய்வார்.

பட்டைக்கும் குறைகள் உண்டு. ஒட்டிய இடம் சிவந்து அரிக்கலாம். எனவே நாள்தோறும் இடம் மாற்றவேண்டும். அதே இடத்தில் 14 நாட்களுக்குள் மீண்டும் ஒட்டலாகாது. அவ்விடத்தில் ஒத்தடம் கொடுத்தால் மருந்து மிகுதியாக உட்செல்லும். பட்டையின் புறத்தே அலுமினியம் உள்ளமையால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்குமுன் அகற்றவேண்டும். குமட்டல், கால்வீக்கம், திடீர் உறக்கம், இல்லாதவை கண்ணிற்குத் தோன்றுதல் ஆகியன நேரலாம். அடக்கமாக வாழ்ந்தவர் திடீரெனச் சூதாட்டத்திலோ வரம்பற்ற செலவிலோ இறங்கினால், அது குணக்கேடன்று. மருந்தின் விளைவாக இருக்கலாம். கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் கூறுக.

ஆகவே இது ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விலக்கும் வழக்கன்று. நோயின் தொடக்கத்தில் சிலருக்குப் பட்டை மட்டுமே போதும். நோய் முதிர்ந்த பலருக்கு மாத்திரையோடு பட்டையும் சேரும்.

இறுதியாக, முதன்மையான ஒன்று. உபவாச நாட்களில் சிலர் மாத்திரையை முற்றும் நிறுத்திவிடுகின்றனர். திடீரென நிறுத்தினால் கடுங்காய்ச்சலும், மிகுந்த உடலிறுக்கமும், அறிவுமயக்கமும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். பட்டையைத் திடீரென நீக்கினாலும் அவ்வாறே. விரதத்தின் உயர்வைக் குறைத்துக் கூறுவது என் கருத்தன்று. விரதத்திற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கண்டு, எவ்வளவு இயலும், எது இயலாது என்பதைக் கேட்டறிந்து சங்கல்பம் செய்க.

வீட்டிலுள்ள இளையோர் ஒரு வாரம் ஒரு குறிப்பேடு எழுதுங்கள்: மாத்திரை எப்போது, உணவு எப்போது, உடல் எப்போது இறுகியது, உறக்கம் எவ்வாறு இருந்தது. மாத்திரையா, பட்டையா, இரண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய அவ்வேடு பெரிதும் உதவும். நம் முதியோருக்கு நீங்கள் ஆற்றும் நல்ல தொண்டும் அதுவே.