மூன்றாம் மாடியும் இரண்டு ஊன்றுகோலும்

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்ல. 2010ல் உயர்தரப் பரீட்சை எழுதியதோடு என் படிப்பு முடிந்தது. இங்கே சுவிசில் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நிற்கிறவன். "கால் முறிந்து வீட்டிலை கிடந்த கதையைச் சொல்லும், நாலு பேருக்கு உதவும்" என்று செயலாளர் அண்ணை கேட்டபடியால் வந்து நிற்கிறேன்.

2024 ஜனவரியில் ஒரு விடியற்காலை, வேலைக்குப் போகும்போது பஸ் தரிப்பிடத்தில் பனிக்கட்டி சறுக்கி விழுந்தேன். வலது கணுக்காலில் இரண்டு எலும்பு முறிவு. தகடும் ஸ்குரூவும் வைத்துத் தைத்தார்கள். ஆறு கிழமைக்கு அந்தக் காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்றார் டொக்டர். இரத்தம் கட்டாமல் இருக்க ஒவ்வொரு நாளும் வயிற்றில் நானே ஊசி போடவேண்டும்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. உடுப்புத் தோய்க்கும் அறை நிலத்துக்குக் கீழே. எங்கள் முறை இரண்டு கிழமைக்கு ஒருநாள்.

இரண்டு கையிலும் ஊன்றுகோல் என்றால் ஒரு கோப்பை தேத்தண்ணி கூடத் தூக்க ஏலாது. குசினியில் ஊற்றினால் குசினியிலேயே நின்று குடிக்கவேண்டும். பிறகுதான் பிளாஸ்கில் விட்டு, மகளின் பழைய பள்ளிக்கூடப் பையில் போட்டு முதுகில் கொழுவப் பழகினேன். குளிக்க ஒரு பிளாஸ்ரிக் கதிரை. தடக்கி விழாமல் இருக்கக் கால்மிதிகளைச் சுருட்டி வைத்தோம். படியில் ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது நொந்த கால் முதல் என்று பிசியோதெரபியில் சொல்லித் தந்தார்கள்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: உதவி கேட்கிறது.

மனிசி விடிய ஐந்து மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போவா. வந்து சமையல், பிள்ளைகள், குப்பைப் பை, உடுப்புக் கூடை எல்லாம் அவதான். எங்கள் ஆட்கள் அன்போடு அப்பிளும் தோடம்பழமும் கொண்டு பார்க்க வந்தார்கள். "ஏதும் வேணுமே தம்பி?" என்றால், "ஒண்டும் வேண்டாம் அண்ணை, சமாளிக்கிறம்" என்பேன். அப்போது மனிசி குசினியில் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பா. அவர்கள் போன பிறகு கோப்பைகளையும் அவதான் கழுவுவா.

நாலாவது கிழமை தோய்க்கும் நாள் வந்தது. அவ வருவதற்கு முன் நான் செய்து முடிப்பம் என்று உடுப்புப் பையைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படிகளில் பை முன்னுக்குச் சரிந்தது. முறிந்த காலை ஊன்றிவிட்டேன். மறுபடி சத்திரசிகிச்சை. மறுபடி ஆறு கிழமை.

ஆஸ்பத்திரியில் மனிசி ஏசவில்லை. "ஒரு ஆளிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். உங்கட வெக்கத்தையும் சேர்த்து நான்தான் சுமக்க வேண்டிக்கிடக்கு" என்று மட்டும் சொன்னா.

அன்றிரவே பக்கத்துத் தெரு அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். "குப்பைப் பையைக் கீழை கொண்டுபோக ஒரு ஆள் வேணும் அண்ணை." அவர் சொன்னார்: "இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை? உன்ர வாசலாலதானே நான் வேலைக்குப் போறன்!" கீழ்மாடிச் சுவிஸ் அம்மா தன் சனிக்கிழமைத் தோய்க்கும் முறையை எங்களுக்கு மாற்றித் தந்தா. அன்றைக்குக் கூடை தூக்க அண்ணையின் மகன் வந்தான்.

காப்புறுதி பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியில் நடக்கும் விபத்துக்கும் இங்கே காப்புறுதி உண்டு. வேலை செய்ய முடியாவிட்டால் விபத்து நடந்த நாளுக்குப் பிறகு வரும் மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 வீதம் வரும். முதலாளிக்கு உடனே அறிவியுங்கோ. இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிற அக்காமார் கவனியுங்கோ. ஓரிடத்திலும் 8 மணித்தியாலம் வராவிட்டால், அந்தக் காப்புறுதி வேலைக்கு வெளியில் நடக்கும் விபத்துக்கு உதவாது. உங்கள் நோய்க்காப்புறுதியில் விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கோ. அதுவும் வைத்தியச் செலவுக்குத்தான், சம்பளத்துக்கு அல்ல.

கடைசியாக ஒன்று. நோயாளி வீட்டுக்குப் போனால் "என்ன வேணும்" என்று கேளாதேங்கோ. "குப்பைப் பை எங்கை?" என்று கேளுங்கோ. தேத்தண்ணியை நீங்களே ஊற்றுங்கோ. படுத்திருக்கிறவர்களும் "ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லாதேங்கோ. அந்தச் சொல்லின் பாரம் வீட்டில் வேறொருவர் தலையில்தான் விழும்.

என் ஊன்றுகோல்களையும் குளிக்கும் கதிரையையும் சங்கத்தில் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கும் அவை தேவைப்படக்கூடாது. தேவைப்பட்டால் வெட்கப்படாமல் கேளுங்கோ.