விண்கலம் ஓட்டிய பொறுமை

சாதனைக்குத் துணை நிற்பது துணிச்சலா, பொறுமையா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர், "விண்வெளிக்குப் போறவங்களுக்கு எதுக்குங்க பொறுமை? நெஞ்சுரம் இருந்தாப் போதும்"னு ஒரே போடா போட்டார். கைதட்டலும் வாங்கிட்டார். சரி, நானும் விண்வெளிக்கே வர்றேன்.

ஐலீன் காலின்ஸ். 1956-ல் அமெரிக்காவில் எல்மைரா என்கிற ஊரில் பிறந்தவர். அரசாங்கம் கொடுத்த உணவுக் கூப்பனில் சாப்பிட்ட குடும்பம். அந்த ஊர், எஞ்சின் இல்லாமல் பறக்கிற கிளைடர் விமானத்துக்குப் பேர்போனது. பொண்ணு அதை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தது. விமானம் ஓட்டக் கத்துக்கக் காசு? பிட்சாக் கடையில் வேலை பார்த்து ஆயிரம் டாலர் சேர்த்தார். நம்ம வீட்டுப் பிள்ளைங்க ஸ்கூட்டருக்கு அப்பாவைப் பார்க்கும். இவர் கல்லாவைப் பார்த்துச் சேர்த்தார்! (சிரிப்பு)

அப்புறம் விமானப்படை. 1979-ல் விமானி, பிறகு பயிற்சி கொடுப்பவர், அதுக்கப்புறம் பெரிய சரக்கு விமானம், நடுவில் கணக்கு வாத்தியார் வேலை வேற. 1990-ல் நாசா எடுத்துக்கொண்டது. உடனே பறந்தாரா? ஐந்து வருஷம் காத்திருந்தார். 1995 பிப்ரவரியில்தான் டிஸ்கவரி விண்கலத்தின் விமானி இருக்கையில் உட்கார்ந்தார். ஷட்டிலை ஓட்டிய முதல் பெண் அவர்தான். அதைவிடப் பெரிய பொறுமையைச் சொல்றேன். 1960-களின் தொடக்கத்தில் விண்வெளி வீரர்களுக்கான மருத்துவச் சோதனைகளில் தேறியும், பெண் என்பதால் வாய்ப்பே கிடைக்காத 13 விமானிகள் இருந்தாங்க. அவங்களை காலின்ஸ் அழைத்தார். அவங்கள்ல சிலர், வயசான பிறகு, நேரில் வந்து நின்று அவர் கிளம்புவதைப் பார்த்தாங்க. (கைதட்டல்)

1999 ஜூலை. இப்போ அவரே கமாண்டர். ஷட்டிலுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்ணும் அவரே. கொலம்பியா சுமந்தது சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி. யார் அந்தச் சந்திரா? நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர்தான்! (பலத்த கைதட்டல்)

20-ஆம் தேதி. கிளம்ப ஏழு விநாடி இருக்கும்போது எண்ணிக்கையை நிறுத்திட்டாங்க. ஹைட்ரஜன் அளவு கூடுதலாக் காட்டுதாம். துணிச்சல்காரனா இருந்தா "போடா பார்த்துக்கலாம்"னு கிளம்பியிருப்பான். இறங்கி வந்தார். 22-ஆம் தேதி வானிலை சரியில்லை. 23-ஆம் தேதி கிளம்பினார். ஐந்தே விநாடியில் ஷார்ட் சர்க்யூட். மூன்று எஞ்சின்ல இரண்டுக்கு ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கணிப்பொறி போச்சு. போதாக்குறைக்கு ஒரு எஞ்சின்ல ஹைட்ரஜன் கசிவு. எச்சரிக்கை விளக்கு எரியுதுன்னு பதறாமல் தரைக்குச் சொன்னார். மாற்றுக் கணிப்பொறிகள் எஞ்சினைத் தாங்கின. கலம் மேலே போச்சு, சந்திராவையும் இறக்கி விட்டார். திரும்பும்போது ஷட்டிலுக்கு எஞ்சின் பலம் கிடையாதுங்க, அதுவும் கிளைடர்தான். ஒரே ஒரு தடவைதான் இறக்க முடியும். ராத்திரியில் இறக்கினார்.

2003 பிப்ரவரி 1. அதே கொலம்பியா ஏழு பேரோட சிதைந்தது. அதில் நம்ம நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். அதுக்கப்புறம் இரண்டரை வருஷம் ஷட்டில் பறக்கவில்லை. 2005 ஜூலையில் முதலில் போனது யார்? காலின்ஸ். வீட்டில் கணவர், இரண்டு குழந்தைகள். விண்வெளி நிலையத்தை நெருங்கியதும் கலத்தையே குட்டிக்கரணம் போட வைத்தார், அடிப்பக்க ஓடுகளை நிலையத்தில் இருந்தவங்க படம் எடுக்க! அதுவரை யாரும் செய்யாதது. அதையும் அவசரமில்லாமல், நிதானமாச் சுற்றினார்.

ஆகஸ்ட் 8-ஆம் தேதி புளோரிடாவில் இறங்கணும், வானிலை விடவில்லை. மறுநாளும் விடவில்லை. சரின்னு கலிபோர்னியாவுக்குத் திருப்பி, விடியறதுக்கு முன்னால் இருட்டில் எட்வர்ட்ஸ் தளத்தில் இறக்கினார். ஏழு பேரும் பத்திரம். நடுவர் அவர்களே, இதைத் துணிச்சல் கணக்கில் எழுதுவதா, பொறுமை கணக்கில் எழுதுவதா, நீங்களே சொல்லுங்க.