கிதார் பெட்டிக்குப் புது ஐ.சி.



பெங்களூரில் உள்ள லிங்கராஜபுரத்தில் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அங்கே தேவாலயங்களும் உண்டு. பாட்டுக் குழு என்றால் இப்போது கிதாரும் வேண்டும். கிதாரின் ஒலியைப் பெரிதாக்கும் பெட்டிதான் ஆம்பிளிபயர்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு தொடங்கும் நேரம். பெட்டியில் 'கும்' என்று இரைச்சல். கிதார் ஒலி கேட்கவில்லை. சிறிய பெட்டியாக இருந்தால் பல நேரம் ஐ.சி. போயிருக்கும். அது ஐந்து கால் உள்ள கருப்புச் சில்லு. ஸ்பீக்கரை ஆட்டும் பலம் அதிலிருந்துதான் வருகிறது.

விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் பிளக்கைப் பிடுங்குவார். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உள்ளே 230 வோல்ட் வரும் கம்பிகள் இருக்கின்றன. தொட்டால் உயிர் போகும். பெரிய கண்டன்சர்களில் மிச்ச மின்சாரமும் தங்கியிருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்குவார்.

அடுத்து, பழைய ஐ.சி. ஏன் போனது என்று பார்ப்பார். ஒலி போதவில்லை என்று யாராவது இன்னொரு ஸ்பீக்கரைச் சேர்த்திருப்பார்கள். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கவாட்டில் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். அந்தச் சுமையைச் சின்ன ஐ.சி. தாங்காது. காரணம் தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும்.

பிறகு எஸ்.பி. ரோடு. மின்னணு உதிரிப் பொருள்கள் அங்கே கிடைக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஐ.சி.யில் டி.டி.ஏ. 2050 என்று இருக்கும். கடையில், "அது இல்லை, 2030 வாங்கிக்கோங்க, கால் ஒண்ணுதான்" என்பார்கள். கால்கள் ஒன்றுதான். ஆனால் 2050 இரு பக்கமும் 25 வோல்ட் வரை தாங்கும். 2030 தாங்குவது 18 வோல்ட்தான். எண்ணை எழுத்துக் கூட்டியாவது படித்து வாங்குங்கள். போலிகளும் நிறைய. மிக மலிவாகத் தந்தால் சந்தேகப்படுவது நல்லது.

ஐ.சி.யின் முதுகில் உலோகத் தகடு இருக்கும். அது சும்மா தகடு அல்ல. மூன்றாம் காலோடு சேர்ந்தது. அதில் மைனஸ் மின்சாரம் நிற்கும். அதனால் சூடு தணிக்கும் அலுமினியத்துக்கும் ஐ.சி.க்கும் நடுவே மைக்கா தாள் வேண்டும். திருகாணிக்குப் பிளாஸ்டிக் வளையமும் வேண்டும். மைக்காவின் இரு பக்கமும் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். பழைய மைக்கா கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். மிகச் சின்னப் பொருள்தான். ஆனால் அதை மறந்தால் பியூஸ் போகும்.

பற்ற வைத்த பிறகு நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது. 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே அணைக்க வேண்டும்.

ஸ்பீக்கரை இன்னும் மாட்டவில்லை. அதன் கம்பிகள் சேரும் இடத்தில் மீட்டரை வைத்து டி.சி. பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். பல வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரின் சுருள் கருகிவிடும். சைபர் என்றால் ஸ்பீக்கரை மாட்டலாம்.

அதன் பிறகு பல்பை எடுத்துவிட்டு, ஒலியைக் குறைத்து வைத்து, அரை மணி நேரம் கிதார் வாசித்துப் பார்ப்பார்கள். பிளக்கைப் பிடுங்கி அலுமினியத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கை பொறுக்கும் சூடாக இருந்தால் பெட்டியை மூடுவார்கள்.