பழைய ஜீப்பின் பின்பக்கம் சாய்வது ஏன்?

(மாப்பிள்ளையூரணி உழவர் கூட்டத்தில் பேசியது)



பண்ணைக் கருவிகளைப் பற்றிப் பேச வந்தேன். ஆனால் கூட்டம் தொடங்குமுன் நான்கைந்து பேர் என்னிடம் கேட்டது தங்கள் பழைய வண்டிகளைப் பற்றித்தான். "பின்பக்கம் தாழ்ந்துவிட்டது, சத்தம் போடுகிறது" என்றார்கள். ஆகவே அதையே பேசிவிடுகிறேன்.

பழைய மகிந்திரா ஜீப் ஆனாலும், 2000-ஆம் ஆண்டில் வந்த பொலிரோ ஆனாலும், பின்பக்கப் பாரத்தைத் தாங்குவது பட்டைக்கட்டுதான். நம் முன்னோர் ஓட்டிய வில்வண்டியின் வில்லும் இதே வகையைச் சேர்ந்ததே. அதன் பக்கத்தில் நிற்கும் ஷாக் அப்சார்பர் பாரத்தைச் சுமப்பதில்லை. பட்டை எழுந்து எழுந்து ஆடாமல் அடக்குவது மட்டுமே அதன் வேலை. இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் பாதிச் செலவு மிச்சம். வண்டி சாய்ந்தால் பட்டையைப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கியபின் நெடுநேரம் குதித்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

நானே ஏமாந்தவன்தான். என் ஜீப் இடப்பக்கம் தாழ்ந்தபோது ஒரு பட்டறையில் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினார்கள். சாய்வு போகவில்லை. பிறகு கூடுதலாக ஒரு பட்டை வைத்துக் கட்டினார்கள். வண்டி நிமிர்ந்தது, ஆனால் கியர் போட்டுக் கிளம்பும்போதெல்லாம் 'டொக்' என்று ஓர் அடி. ஒரு மழை நாளில் பின்னால் வந்த நண்பர் சொன்னார்: "அண்ணாச்சி, வண்டி நண்டு மாதிரில்லா போகுது!" இறங்கி ஈர மண்ணைப் பார்த்தேன். பின் டயர்களின் தடம் முன் டயர்களின் தடத்தைவிட்டு ஒரே பக்கமாக விலகியிருந்தது. கயிறு பிடித்து அளந்ததில், இடப்பக்கத்தில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் வலப்பக்கத்தைவிட 2 செ.மீ. கூடுதல். பட்டைகளைக் கோத்து நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு பின்னால் நகர்ந்திருந்தது. யூ போல்ட்டும் தளர்ந்திருந்தது. அந்த வண்டியில்தான் அதுவரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டயபுரம் போய்வந்தேன்.

பட்டை கூட்டிக் கட்டுவது பல நேரம் நோயை மறைக்கும் வேலை. முதலில் அளவெடுங்கள். சமதரையில், பாரம் இறக்கி, டயர்களுக்குச் சமமாகக் காற்றடைத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரு பக்கமும் சக்கர நடுவிலிருந்து சட்டத்துக்கு உள்ள உயரத்தையும், முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் பாருங்கள். உயரம் மட்டும் வேறுபட்டால் பட்டை உடைந்திருக்கலாம் அல்லது தளர்ந்திருக்கலாம். நீளமும் வேறுபட்டால் சென்டர் போல்ட் மீதுதான் முதல் சந்தேகம். அதைச் சரிசெய்யாமல் அந்த வண்டியில் ஆள் ஏற்ற வேண்டாம்.

பிறகு பட்டைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஓரங்களைப் பாருங்கள். உடைப்பு பெரும்பாலும் நடுத்துளை அருகிலோ, மெயின் பட்டையின் சுருள் அருகிலோ இருக்கும். கீச்சென்ற ஒலி புஷ், சாக்கிள் இவற்றின் தேய்மானத்தைக் காட்டும். மேலே உள்ள ரப்பர் முட்டு நசுங்கிப் பளபளத்தால் பாரம் மிகுதி என்று பொருள். 45 கிலோ யூரியா மூட்டை பத்து ஏற்றினால் 450 கிலோ. அதோடு ஐந்து பேரும் ஏறினால் என்னாகும்? ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள். சட்டத்துக்கு அடியில் உறுதியான தாங்குகட்டையும், முன் சக்கரங்களுக்கு அடைகட்டையும் வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்பளத் தூசியும் ஈரக்காற்றும் பட்டைகளுக்கு இடையே புகுந்து துருவேற்றும். துரு அரித்த குழியிலிருந்துதான் விரிசல் கிளம்பும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் சேறும் சேர்ந்து தங்கியிருக்கும்; இதுவரை பிரிக்காதவர்கள் ஒருமுறை பட்டையைப் பிரித்துப் பாருங்கள். உப்பளப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு என்றால் அதனால் கழுவிப் பயனில்லை. ரப்பர் புஷ் மீது எண்ணெய் ஊற்றாதீர்கள், ஊறி இளகிவிடும்.

பட்டை மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். யூ போல்ட்டைப் புதிதாகப் போடுங்கள். வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் மூன்று ஜீப் நிற்கின்றன. கயிறு கொண்டுவந்திருக்கிறேன். வாருங்கள், அளந்து பார்ப்போம்.