மடையைத் திறந்துட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?

இன்னைக்கு நாம பேசப்போறது கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். எனக்கு அதுல ஒரு அரியர். அது எனக்குப் புரிஞ்சது திருச்சுழி பக்கம், எங்க பெரியப்பா ஊர்க் கண்மாய்க் கரையில.

அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் வானம் பார்த்த பூமி. குண்டாறுல வருஷம் பூரா தண்ணி ஓடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில கண்மாய் நிறையணும். அதை வச்சுத்தான் நெல்லைக் கரை சேர்க்கணும். ஒரு கண்மாய் நிறைஞ்சா, கலுங்கு வழியா மறுகால் பாஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும்.

இந்தக் கண்மாயைக் கணக்கா எழுதினா ஒரே வரிதான். இன்னைக்கு இருக்கிற தண்ணியோட வர்றதைக் கூட்டி, போறதைக் கழிச்சா, நாளைக்கு இருக்கப்போற தண்ணி. மடையில திறக்கிறது, வெயில்ல ஆவியாகிறது, மறுகால் எல்லாமே 'போறது'. இதுதான் மாடல். டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்னு பயமுறுத்துறாங்களே, அது இதே வரியை நாளுக்கு நாள் எழுதாம நொடிக்கு நொடி எழுதுறதுதான்.

கலுங்கைப் பாருங்க. மட்டம் ஏறினா அதிகமா வழியும், இறங்கினா குறையும். ஆளே இல்லாத ஃபீட்பேக். ஆனா மடையில மனுஷன்தான் கன்ட்ரோலர். அன்னைக்கு அந்த மனுஷன் நான்.

மூணாவது வருஷம் படிச்சிட்டிருந்தேன். தை மாசம், நெல் பால் பிடிக்கிற நேரம், கண்மாயில கடைசித் தண்ணி. "கடைமடையில அத்தை வயலுக்குப் போய்ச் சேரணும்டா. பாதி திறந்துட்டுப் பேசாம இரு"ன்னு சொல்லிட்டு பெரியப்பா வேற வேலையாப் போயிட்டார்.

அரை மணி நேரத்துல அத்தை போன் பண்ணாங்க. "இன்னும் வரலையேப்பா." இன்னும் கொஞ்சம் திறந்தேன். மறுபடியும் போன், மறுபடியும் திறந்தேன். கடைசியில முழு மடையும் திறந்தாச்சு. தண்ணி கடைமடைக்குப் போக ரெண்டு மணி நேரம் ஆகும்னு நான் யோசிக்கவே இல்ல. திறந்த அத்தனையும் ஒண்ணாச் சேர்ந்து, நடு வாய்க்கால் கரையை உடைச்சு ஓடைக்குப் போயிருச்சு. பதறிப்போய் மொத்தமா அடைச்சேன். கரையை அடைச்சு முடிக்கிறதுக்குள்ள கண்மாயில மிச்சம் ரொம்பக் கொஞ்சம். அத்தை வயல்ல பாதிதான் நனைஞ்சது. மீதி நெல் பதராப் போச்சு.

பாடத்துல இதுக்குப் பேரு டெட் டைம். நாம செய்யுறதுக்கும் அது தெரியுறதுக்கும் நடுவுல இருக்கிற நேரம். அந்த நேரத்துல திரும்பத் திரும்பத் திருத்தினா, சிஸ்டம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட ஆரம்பிச்சிரும். நீராவி எஞ்சின் காலத்துலயும் இந்த ஆட்டம் பெரிய தலைவலி. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர் எப்போ அடங்கும், எப்போ ஆட்டம் பெருகும்னு 1868-லயே மேக்ஸ்வெல் கணக்கு எழுதியிருக்கார்.

அந்த லீவுல உட்கார்ந்து பைத்தான்ல ஒரு சின்ன மாடல் எழுதினேன். மடை, ரெண்டு மணி நேர வாய்க்கால், கடைசியில ஒரு வயல். என்னை மாதிரி அவசரப்படுற கன்ட்ரோலரை ஓட்டினா, கிராஃப் மேலயும் கீழயும் துள்ளுது. திருத்தத்தைச் சின்னதாக்கி, ரெண்டு மணி நேரம் காத்திருந்து பார்த்தா, அழகா அடங்குது. பெரியப்பா சொன்னதும் அதேதான்: பாதி திற, பேசாம இரு.

அரியர் கிளியர் ஆயிருச்சு. அத்தைக்குப் போன நெல் போனதுதான். அதனால உங்ககிட்ட சொல்றேன்: முதல்ல மாடல்ல உடைச்சுப் பழகுங்க, வாய்க்கால்ல வேண்டாம். இன்னைக்கே உங்க வீட்டுத் தண்ணி டேங்க்கை அந்த ஒரே வரியில எழுதிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.